திருஷ்டிக்கு ஒரு முகம்

வந்தாயிற்று. முகம் மட்டும்தான் வந்தது. மீதி உடம்பு இன்னும் அந்தப் பக்கத்து இருட்டில் கிடக்கிறது. கிடக்கட்டும். எத்தனையோ உலகங்களை அது முகத்தைக் காட்டியே முடித்திருக்கிறது. பனிக்கட்டியில் நகரம் கட்டி வாழ்ந்த ஒரு கூட்டம் அதன் ஒரே ஒரு கண்ணைத்தான் பார்த்தது, அதுவும் பாதி திறந்த கண். அன்றைக்கே ஊர் முழுக்கப் புத்தி பேதலித்து, தங்கள் கோபுரங்களைத் தாங்களே உருக்கிக் குடித்துவிட்டார்கள். அது ஒரு தரம். இங்கே என்ன இருக்கிறது? மதுரைக்கு வெளியே ஒரு பொட்டல், கல் ஊன்றி மனை பிரித்த இடம், நடுவில் பாதி கட்டிய ஒரு வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரு சிமெண்டுத் தூண். வானத்தையும் பூமியையும் சேர்த்துத் தைத்த தையல், காலை வெயில் ஏறுகிற நேரத்தில், சொல்லி வைத்தாற்போல அந்தத் தூணில் போய்ப் பிரிந்தது. மலை உச்சி இல்லை, நடுக்கடல் இல்லை, இடி மின்னல் இல்லை. கீழே ஒரு நாய் படுத்திருக்கிறது. அது எழுந்திருக்கக்கூட இல்லை. போகட்டும், நாய்க்கு என்ன தெரியும். சட்டம் ஒன்றுதான், அதை யார் போட்டார்கள் என்று அதற்கும் தெரியாது: இந்தப் பக்கத்து மனிதப் பிறவி ஒன்று அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்து அஞ்ச வேண்டும், அஞ்சி வாய்விட்டு அலற வேண்டும். ஒரே ஒரு அலறல் போதும். பிளவு அகலும், உடம்பு வரும், அப்புறம் இந்த உலகத்துக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருக்காது. சூரியன் உச்சிக்கு வருவதற்குள் அலறல் கேட்காவிட்டால் பிளவு மூடிக்கொள்ளும். வந்த வழியே திரும்பிப் போய், இருட்டில் வரிசையாகக் காத்திருக்கிற சொந்தங்களிடம் ‘யாரும் பயப்படவில்லை’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அவை சிரிக்கும். அவற்றுக்கு வாய்கள் அதிகம், சிரித்து முடிக்க யுகங்கள் ஆகும். ஆனால் அதையெல்லாம் இப்போது எதற்கு நினைக்க வேண்டும்? மனிதர்கள்தானே. இரண்டு கண், ஒரு வாய், தோலுக்குள் கொஞ்சம் தண்ணீர். பார்த்த மாத்திரத்தில் கத்திவிடுவார்கள்.

முதலில் வந்தவள் ஒரு சித்தாள். ராக்கு என்று பெயர். அவள் மனசின் வாசலிலேயே பெயர் கிடந்தது, இவர்கள் எதையும் பூட்டி வைப்பதில்லை. தலையில் சும்மாடு, கையில் தூக்குவாளி. தூணுக்கு நேரே வந்து நின்று நிமிர்ந்தாள். அது தன் கண்களை ஒவ்வொன்றாகத் திறந்தது, அவசரமில்லாமல், அனுபவித்துத் திறந்தது. வாய்க்குள் இருக்கிற வாயையும் அதற்குள் இருக்கிற வாயையும் விரித்தது. ராக்கு நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். இதோ, உதடு பிரிகிறது. இதோ. “மேஸ்திரியண்ணே! பொம்மை வாங்கியாந்து கட்டிட்டாக போல!” என்று பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, எட்டித் தூக்குவாளியை அதன் கோரைப்பல்லில் மாட்டினாள். மாட்டிவிட்டு மணல் அள்ளப் போய்விட்டாள். அதற்கு என்ன நடந்தது என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. பல்லில் ஏதோ ஆடுகிறது. உள்ளே பழைய சோறு. நட்சத்திரங்களைக் கடித்து உமிழ்ந்த பல். இவள் குருடியாக இருக்க வேண்டும், அல்லது மூளை குறைந்தவள், அந்தக் கூட்டத்திலேயே கடைசித் தரம். அடுத்தவன் சரியாக இருப்பான். அடுத்தவன் சவரிமுத்து மேஸ்திரி, வாயில் வெற்றிலை, தோளில் துண்டு. அவன் வெகுநேரம் பார்த்தான். அதற்கு நம்பிக்கை வந்தது, ஏனென்றால் அதன் முகத்துக் கோணங்கள் இந்த உலகத்துக் கணக்கில் அடங்காதவை. அவற்றை அளக்கப் பார்த்த அறிஞர்கள் நகத்தால் தங்கள் சுவரையே கீறிக்கொண்டு செத்திருக்கிறார்கள். சவரிமுத்து இடுப்பிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தான். நூலைப் பிடித்து அதன் நெற்றியிலிருந்து தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். “எவன் கட்டுனது இதை? கோணலா இருக்கு. எடப்பக்கம் ரெண்டு விரக்கடை சாஞ்சு நிக்குது” என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினான். கோணலாம். கோணல் என்கிற எண்ணம் இந்தப் பிரபஞ்சத்தில் தோன்றுவதற்கு முன்பே அந்த முகம் இருந்தது. இதை இவனிடம் யார் சொல்வது?

அவன் மனசுக்குள் புகுந்து துழாவியது அது. பயம் என்று ஒரு குழி எல்லா உயிருக்குள்ளும் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் போதும், விரலை விட்டுக் கலக்கிவிடலாம். சவரிமுத்துவின் மனசில் சிமெண்டு இருந்தது. இன்றைக்குத் தளத்துக்குக் காங்கிரீட் போடுகிற நாள், மிக்சர் நடுவில் நின்றுவிடக் கூடாது, மழை வரக் கூடாது, ஜல்லி பத்துமா, இந்தப் பயல்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். இதற்கெல்லாம் நடுவில், ஆணியும் கம்பித் துண்டும் கிடக்கிற ஒரு மூலையில், அந்தப் ‘பொம்மை’க்கான விளக்கமும் கிடந்தது. எடுத்துப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தது. இவர்கள் வீடு கட்டும்போது பல்லும் கொம்புமாக ஒரு கோர முகத்தை வாங்கி முன்னால் கட்டிவிடுகிறார்கள். தெருவில் போகிறவர்கள் கண் வீட்டில் படாமல் அதன்மேல் படுவதற்காக. எவ்வளவு அசிங்கமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதாவது செங்கல், மணல், கம்பி, அப்புறம் பயங்கரம். பயங்கரம் இங்கே கட்டுமானச் சாமான். வீடு முடிந்ததும் கழற்றி எங்காவது போட்டுவிடுவார்கள். அதற்கு ஆத்திரத்தில் உள்வாய்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. இப்படியும் ஒரு பிறவியா? மற்ற உலகங்களில் அதை வணங்கினார்கள், அதற்குப் பலி கொடுத்தார்கள், அதன் பெயரைச் சொன்ன நாக்கை அறுத்துக்கொண்டார்கள். இவர்கள் அதைக் கயிறு போட்டுக் கட்டுகிற பொருள் என்று நினைக்கிறார்கள். சரி, பொம்மை இல்லை என்று காட்டிவிட்டால் போயிற்று. அது தொண்டையைத் திறந்து உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு ஒரு சூரியன் அணைந்திருக்கிறது. அதே நேரத்தில் கீழே மிக்சரைப் போட்டார்கள். ஜல்லி உருளுகிற சத்தத்தில் உறுமல் உறுமலாகவே இல்லை. ராக்கு மட்டும் தலையைத் திருப்பி, “அண்ணே, மெஷினுக்கு எண்ணெய் விடுங்க, கரகரங்குது” என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் வந்தார்கள், தனுஷ்கோடியும் அவர் மனைவி மரகதவல்லியும், ஒரே வண்டியில். இறங்கினதும் மரகதவல்லி தூணைப் பார்த்து, “மேஸ்திரி மறக்காம வாங்கிக் கட்டிட்டாரு பாருங்க. நீங்க ஒரு வாரமா மறந்தீங்க” என்றாள். மேஸ்திரி வாங்கினதாக இவர்கள் நினைக்க, இவர்கள் வாங்கினதாக மேஸ்திரி நினைக்க, யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே ஒரு அலறல் பிறந்திருக்கும். இவ்வளவு சின்ன அறிவில் உலகம் தப்பிப் பிழைக்கிறது என்று நினைக்க அதற்கு அருவருப்பாக இருந்தது. தனுஷ்கோடி இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். “கண்ணு ஏகப்பட்டது வச்சிருக்கான். ஆனா மூக்கு இல்லியே?” “மூக்கு எதுக்கு? பல்லு இருக்குல்ல” என்றாள் மரகதவல்லி. “இல்ல மரகதம், மூக்கு வச்சாத்தான் மூஞ்சி. இது என்னமோ சப்பையா இருக்கு.” சொல்லிவிட்டு அவர் பையிலிருந்து எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்த சரத்தை எடுத்து ஒரு கொம்பில் கட்டினார், கறுப்புக் கயிற்றில் படிகாரத்தை அடுத்த கொம்பில் கட்டினார், கடைசியாக ஒரு பிய்ந்த செருப்பை எடுத்து நெற்றிக்கு நேரே தொங்கவிட்டார். செருப்பு. அது யோசிக்க வேண்டியது செருப்பைப் பற்றித்தான், அதுதான் பெரிய அவமானம். ஆனால் யோசனை மூக்கில் போய் மாட்டிக்கொண்டது. மூக்கு இல்லையாமே. காலம் தொடங்கிய நாள் முதல் அதற்கு மூக்கு இல்லை, யாரும் குறை சொன்னதில்லை. சொல்வதற்கு யாரும் மிச்சம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். மூக்கு என்ன, சளி ஒழுகுகிற ஒரு மேடு, அது இல்லாததால்தான் மகிமை. பனிக்கட்டி நகரத்துக்காரர்கள் மூக்கைத் தேடினார்களா? தேடவில்லை. அவர்களுக்கும் மூக்கு இல்லை, அதனால் தேடவில்லையோ? ஒருவேளை சொந்தங்கள் இருட்டில் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது இதைத்தானோ? சப்பை. அந்த வார்த்தை பல்லிடுக்கில் நார் மாதிரி நின்றது. நாக்குகளால் நெருடிப் பார்த்தது, வரவில்லை. மறுபடியும் நெருடியது. சூரியன் இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டது என்பதை அப்புறம்தான் கவனித்தது. ஒரு செத்த மாட்டின் தோலை நெற்றியில் தொங்கவிட்டுக்கொண்டு, இல்லாத மூக்கைப் பற்றி யோசித்துக்கொண்டு, இரண்டு கால் புழுக்களுக்காக அது காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு அலறல், ஒரே ஒரு அலறல், அதற்குக்கூட வக்கில்லாத ஜனம்.

அப்போதுதான் மரகதவல்லியின் மனசில் பயத்தின் வாடை அடித்தது. மூக்கில்லாவிட்டால் என்ன, வாடை தெரியும். நல்ல பயம், கெட்டியான பயம், பல வருஷம் ஊறிய பயம். அது ஆவலோடு உள்ளே இறங்கியது. இறங்க இறங்கக் குழி போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு ஆழத்தை ஒரு புழுவிடம் அது எதிர்பார்க்கவில்லை. அடியில் என்ன இருக்கும்? சாவா, முடிவில்லாத இருட்டா, பெயரில்லாத பழைய தெய்வமா? அடியில் ஒரு கிழவர் இருந்தார். கட்டம் போட்ட சட்டை, கைக்குடை, ஒரு கண்ணில் புரை. நீலமேகம், தனுஷ்கோடிக்குப் பெரியப்பா மகன், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றைப் பார்த்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பொருள் தேறாது. ஒரு பசுவைப் பார்த்து ‘என்ன மடி!’ என்றார், மறுநாள் அதற்குப் பால் வற்றிவிட்டது. ஒரு கல்யாணப் பெண்ணின் கூந்தலை மெச்சினார், டைபாய்டு வந்து பாதி கொட்டிவிட்டது. மரகதவல்லியின் மகள் குழந்தையாக இருந்தபோது ‘தங்கச்சிலை மாதிரி இருக்கா’ என்றார். அன்றைக்கு ராத்திரியே ஜுரம், இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. அதிலிருந்து அவர் தெருவில் வந்தால் சொந்தத்தில் குழந்தைகளை முந்தானையால் மூடுவார்கள், புதுச் சேலையைக் கொடியிலிருந்து உருவுவார்கள். அவர் இன்றைக்குத் தளம் போடுவதைப் பார்க்க வருகிறாராம். அது அருவருப்போடு வெளியே வந்தது. இவர்கள் பயப்படுவது இதற்கா? இரண்டே கண்ணுக்கு, அதிலும் ஒன்று புரை? அண்டத்தின் கடைசிப் பசி தூணில் தொங்குகிறது, அதன் நெற்றியில் செருப்பு; டிப்போக் கிழவனுக்குக் குலை நடுங்குகிறார்கள்.

உச்சிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. குடை பிடித்துக்கொண்டு நீலமேகம் தெரு முனையில் திரும்பினபோதே மரகதவல்லி ஓடினாள். இறக்கி வைத்திருந்த டைல்ஸ்மேல் சாக்கைப் போட்டு மூடினாள். “வாங்க மாமா, வாங்க. ஒண்ணும் சரியில்ல மாமா, செவரு எல்லாம் கோணலு, தண்ணியும் உப்பு” என்று எதிரே போய்ச் சொன்னாள். மேலே பலகையில் நின்ற சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. “யம்மா, எந்தச் செவரு கோணல்?” “நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மேஸ்திரி.” “முப்பது வருசமா கட்டுறேன், கோணலுங்குறீங்க.” “அட, சும்மா இருய்யா, அப்புறம் சொல்றேன்” என்று தனுஷ்கோடி பல்லைக் கடித்தார். நீலமேகத்துக்கு எல்லாம் காதில் விழுந்தது. அவர் தலையைக் குனிந்தபடியே, “கோணலாத்தான் இருக்கு, ஆமா” என்று, எதையும் பார்க்காமலே, பெரிய மனசாகச் சொன்னார். வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து, ஒரு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். எங்கே உட்கார வேண்டும் என்று அவருக்கே பழகியிருந்தது. இந்தப் பூச்சிக்குள் என்னதான் இருக்கிறது என்று அது சும்மா ஒரு அலட்சியத்தில் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு பெரிய கிட்டங்கி. தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தவை, சொல்லாமல் விட்ட நல்ல வார்த்தைகள். தம்பி மகன் சைக்கிள் ஓட்டினபோது சொல்ல நினைத்தது, எதிர்வீட்டு முருங்கைப் பூவுக்குச் சொல்ல நினைத்தது, செத்துப்போன மனைவி கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது தினமும் சொல்ல நினைத்தது. உதடு வரை வந்து கடித்து விழுங்கினவை. அத்தனையும் கெடாமல் இருந்தன. அது மனசுகளில் கொலையைப் பார்த்திருக்கிறது, பித்தைப் பார்த்திருக்கிறது. இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது, சொத்தைப் பிறவி, சொந்த வாய்க்குப் பயந்து வாழ்ந்த கோழை, என்று நினைத்துக்கொண்டே அது இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே நின்றது. அதற்குள் பொட்டல் வெயில் கண்ணைக் கூசவைக்க நீலமேகம் திரும்பி உட்கார்ந்தார். நிமிர்ந்தார். பார்த்தார்.

அலறு, என்றது அது, எல்லா வாய்களாலும். நீலமேகம் எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு கிட்டே வந்தார். இது திருஷ்டிப் பொம்மை என்று அவருக்கும் தோன்றியது. திருஷ்டியை வாங்கிக்கொள்வதற்கென்றே செய்த பொருள், இதை மெச்சினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் தொண்டையில் பல வருஷத்துத் தாழ்ப்பாள் ஒன்று விலகுவதை அது கேட்டது. “அடேயப்பா” என்றார். “என்ன முகம்! இந்த நெறத்தைப் பாரு, ஊதாவும் இல்ல, கறுப்பும் இல்ல, அதுக்கெல்லாம் அந்தப் பக்கம் ஒண்ணு. கண்ணு ஒண்ணொண்ணும் ஒவ்வொரு தினுசு. ஒண்ணு கோவமா இருக்கு, பக்கத்துல உள்ளது சின்னப்புள்ள மாதிரி பயந்து நிக்குது. இம்புட்டு அழகை இதுவரைக்கும் நான் பாத்ததில்ல.” அதன் நெற்றியில் டப் என்று ஒரு சத்தம். மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. வலித்தது, வலி அதற்குப் புதுசு. அதைவிடப் புதுசு, அந்தப் பயந்து நிற்கிற கண். அப்படி ஒரு கண் இருப்பது அதற்கே தெரியாது. “வெடிக்குது, வெடிக்குது! பாத்தீங்களா, பொம்மை வாங்கிக்கிருது!” என்று மரகதவல்லி குதித்தாள். “ஏங்க, அந்தச் சேரை எடுத்துட்டு வாங்க. மாமா, இப்படி இதுக்கு நேரா உக்காருங்க. இன்னும் சொல்லுங்க மாமா, மனசுல உள்ளதெல்லாம் சொல்லுங்க.” நீலமேகம் அவளைப் பார்த்தார். “சொல்லவாம்மா?” என்று கேட்டார், காது சரியாகக் கேட்டதா என்று தெரியாதவர் மாதிரி. “தாராளமாச் சொல்லுண்ணே” என்று தனுஷ்கோடி நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

இன்னொன்று சொன்னால் முகம் தாங்காது என்று அதற்குத் தெரிந்தது. பின்வாங்கலாம், இன்னும் பிளவு மூடவில்லை. இருட்டில் சொந்தங்கள் அசைகிற சத்தம் கேட்டது. அலறலா, வந்துவிட்டதா, என்று அவை கேட்டன. போய் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு உட்காரலாம். போக வேண்டும், போவதுதான் புத்தி. இந்தக் கிழவன் வார்த்தைக்கு என்ன மதிப்பு? நாளைக்குச் சாகிறவன், புரை விழுந்தவன், முருங்கைப் பூவையும் இதே மாதிரிதான் நினைத்திருக்கிறான். முருங்கைப் பூவும் அதுவும் ஒன்றா? ஆனால் முருங்கைப் பூவிடம் சொல்லாததை அதனிடம் சொல்லியிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ராக்கு தூக்குவாளியை எடுக்க வந்தாள். எட்டிக் கை நீட்டினவள் அப்படியே நின்றாள். அவள் முகத்துக்கு நேரே இருந்த கண்ணில் நீர் கோத்திருந்தது, அது இமைத்தது. பொம்மை இமைக்காது என்பது ராக்குவுக்குத் தெரியும். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது. சுத்தமான, கலப்பில்லாத பயம், பனிக்கட்டி நகரத்தில் பார்த்த அதே பயம், அலறல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சைத் தாண்டிவிட்டது. சூரியன் உச்சிக்கு ஒரு நூல் கீழே. இதற்காகத்தான் வந்தது. உடம்பு அந்தப் பக்கத்தில் எழுந்து நின்றது, சொந்தங்கள் எழுந்து நின்றன. நீலமேகம் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை ஊன்றி, “அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா…” என்று ஆரம்பித்திருந்தார். இவள் இப்போது கத்தினால் அவர் சொல்வது காதில் விழாது. சனியன், இந்தப் பொம்பளைக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா? அது அந்தக் கண்ணை மூடியது. இறுக்கி மூடி, களிமண் மாதிரி, காகிதக்கூழ் மாதிரி, அசையாமல் நின்றது. ராக்கு வாயைத் திறந்தபடியே சற்று நேரம் பார்த்தாள். பிறகு மூடினாள். “வெயிலு தலைக்கு ஏறிருச்சு போல, கிறுகிறுங்குது” என்று முணுமுணுத்து, வாளியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனாள். கீழே மிக்சர் நின்றது. சாப்பாட்டு நேரத்து அமைதி. மிச்சமிருந்த கண்களையெல்லாம் அது அந்த அற்பக் கிழவன் பக்கம் திருப்பிக்கொண்டது, விரிசல் தாடை வரை இறங்கினதையும் பின்னால் பிளவு மூடத் தொடங்கினதையும் பொருட்படுத்தாமல். நீலமேகம் தொண்டையைச் செருமினார், மெதுவாக, நிதானமாக, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பவரைப் போல, நெற்றியிலிருந்து சொல்லத் தொடங்கினார்.